ஞாபகம் என்னும் கணக்குப்பிள்ளை

மண்டிக்காரருக்கும் சில்லறைக் கடைக்காரருக்கும் கணக்கில் தகராறு வந்தால் இரண்டு பேர் வாயிலும் முதலில் வருகிற வார்த்தை ஒன்றுதான்: "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." இருபது மூட்டை இறங்கியது என்று ஒருவருக்கு நல்ல ஞாபகம். பதினெட்டுதான் இறங்கியது என்று மற்றவருக்கும் அதே அளவு நல்ல ஞாபகம். அடுத்து வருகிற வார்த்தை, "அப்ப நான் பொய் சொல்றேனா?" அதோடு பத்துப் பதினைந்து வருடப் பழக்கம் அறுந்து போகிறது. இரண்டு மூட்டைப் பருப்பின் விலையைவிட அந்தப் பழக்கத்தின் விலை எத்தனையோ மடங்கு அதிகம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் அறுந்துபோகிறது.

இப்படிப்பட்ட பஞ்சாயத்துகளில் நாம் பல வருடங்களாக உட்கார்ந்து வருகிறோம். ஏமாற்ற வேண்டும் என்றே வருகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். கஷ்டமான வழக்கு எதுவென்றால், இரண்டு யோக்கியர்கள் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு விதமாகச் சொல்வதுதான். இது எப்படி நடக்கிறது என்ற கேள்வி நம்மை வெகுநாளாக உறுத்தி வந்தது. நாம் படித்தது பள்ளிப் படிப்பு மட்டுமே. ஆனாலும் நூலகத்திலும், காலேஜில் படித்த பிள்ளைகளிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைக் கடை பாஷையில் சொன்னால் நம் அன்பர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறோம்.

முதல் மணி நேரத்துச் சேதாரம்

ஞாபகத்தை முதன்முதலில் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எப்பிங்ஹாஸ். பார்மன் என்ற ஊரில் 1850-ல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் ஒரு வியாபாரி என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மகன் கடைக்கு வரவில்லை, வாத்தியார் ஆனார். ஆனால் அவர் செய்த வேலையைப் பார்த்தால் இருப்புக் கணக்கு எடுக்கிற வியாபாரியின் பிள்ளைதான் என்று தோன்றும்.

அர்த்தமே இல்லாத சின்னச் சின்ன அசைகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு அவரே மனப்பாடம் செய்வார். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு அதே வரிசையை மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறிப்பார். முதல் தடவை நூறு நிமிடம் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் தடவை எவ்வளவு நேரம் குறைகிறதோ, அவ்வளவு சரக்கு உள்ளே மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். 1885-ல் அவர் வெளியிட்ட கணக்கு இது: 20 நிமிடம் கழித்துப் பார்த்தால் மிச்சம் 58. ஒரு மணி நேரம் கழித்து 44. ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மறதி என்பது கிடங்கில் வருடக்கணக்கில் கிடக்கிற பயறு மெதுவாக உளுத்துப் போவது போல என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. லாரியில் இருந்து இறக்கும்போதே பாதிக்கு மேல் சிந்திவிடுகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் போனது 56. அதற்குப் பிறகு ஒரு மாதம் முழுக்கப் போனது வெறும் 23. 2015-ல் நெதர்லாந்தில் இரண்டு பேர் இதே சோதனையை மறுபடி செய்து பார்த்தபோதும் கிட்டத்தட்ட இதே இறக்கம்தான் வந்தது.

அது அர்த்தமில்லாத அசை, நம்முடையது அர்த்தமுள்ள வியாபாரம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அர்த்தமுள்ள விஷயம் கூடுதலாகவே நிற்கும். ஆனால் ஒரு நாளில் அறுபது பேருக்குச் சரக்கு போடுகிற கடையில், யாருக்கு எத்தனை கிலோ, எந்த விலைக்கு என்பது கிட்டத்தட்ட அர்த்தமில்லாத வரிசைதான். எல்லாம் ஒரே பருப்பு, ஒரே சீனி, ஒரே எண்ணெய். "ராத்திரி கடை அடைச்சிட்டு மொத்தமா எழுதிக்கலாம்" என்று சிட்டையைத் தள்ளிப் போடுகிறவர், எழுத உட்காரும்போது எதில் இருந்து எழுதுகிறார் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அதே எப்பிங்ஹாஸ் இன்னொன்றும் கண்டார். ஒரு வரிசையை ஒரே நாளில் 68 தடவை படித்துக் கிடைத்த பலன், மூன்று நாட்களில் பிரித்து 38 தடவை படித்தாலே கிடைத்துவிட்டது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கு இது புதிதல்ல. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று தினம் காலையும் மாலையும் பிள்ளைகளைச் சத்தம் போட்டுச் சொல்லவைத்தார்கள். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு, காணி என்றால் 80-ல் ஒரு பங்கு, மா என்றால் 20-ல் ஒரு பங்கு என்று கீழ்வாய் இலக்கமெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் தாள் இல்லாமல் வட்டி போட்டதை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஆனால் இங்கேதான் ஒரு குழப்பம் வருகிறது. வாய்ப்பாடு ஐம்பது வருடம் நிற்கிறது என்பதால், போன வியாழக்கிழமை இறங்கிய லோடும் நிற்கும் என்று நம்பிவிடுகிறோம். வாய்ப்பாடு ஆயிரம் தடவை சொன்னது. வியாழக்கிழமை லோடு ஒரே ஒரு தடவை நடந்தது. இரண்டும் ஒரே ஆளின் தலைக்குள் இருந்தாலும் ஒரே சரக்கு அல்ல.

தினம் தொடுகிற நோட்டு

ஒரு சின்னச் சோதனை. கல்லாவைத் திறக்காமல் சொல்லுங்கள். இப்போது புழங்குகிற பழுப்பு நிறப் பத்து ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் என்ன படம்? அதே பக்கத்தில் வரிசையாக எத்தனை மொழிகளில் தொகை எழுதியிருக்கிறது? அதில் தமிழ் மேலிருந்து எத்தனையாவது?

2018-ல் வந்த அந்த நோட்டில் இருப்பது கோனார்க் சூரியன் கோயில். மொழிகள் பதினைந்து. தமிழ் பதின்மூன்றாவது. மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் சங்க அலுவலகத்துக்கு வந்தால் ஒரு காபி வாங்கித் தரத் தயார். நாம் கேட்டுப் பார்த்தவரை, நாள் முழுக்க நோட்டு எண்ணுகிற கடைக்காரர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1979-ல் அமெரிக்காவில் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இருவர் தங்கள் நாட்டு ஒரு சென்ட் காசை வரையச் சொல்லி 20 பேரிடம் கேட்டார்கள். பிறந்தது முதல் கையில் புரளுகிற காசு. அதில் முக்கியமான எட்டு அம்சங்களில் சராசரி ஆள் சரியாகப் போட்டது மூன்றுதான்.

ஆனால் அதே கல்லாக்காரரிடம் ஒரு கள்ள நோட்டைக் கொடுத்துப் பாருங்கள். விரல் பட்டவுடன் நின்றுவிடும். அவருக்குப் படம் ஞாபகமில்லை, தாளின் முறுமுறுப்பு ஞாபகம் இருக்கிறது. பிழைப்புக்கு எது வேண்டுமோ அதை மட்டும் மனம் எடுத்துக்கொள்கிறது, மற்றதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. பார்த்தது எல்லாம் பதிந்திருக்கும் என்று நினைப்பதுதான் தவறு.

1998-ல் அமெரிக்காவில் சைமன்ஸ், லெவின் என்ற இருவர் செய்த சோதனை இன்னும் வேடிக்கை. வழி கேட்பது போல ஒருவர் பாதசாரியிடம் பேசிக்கொண்டிருப்பார். நடுவில் இரண்டு பேர் ஒரு பெரிய கதவைத் தூக்கிக்கொண்டு இருவருக்கும் இடையே புகுந்து போவார்கள். அந்தக் கதவு மறைப்பில் வழி கேட்டவர் போய் வேறு ஆள் வந்து நின்றுகொள்வார். உயரம், சட்டை, குரல் எல்லாம் வேறு. வழி சொல்லிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஆள் மாறியதையே கவனிக்கவில்லை! கூட்ட நேரத்தில், "நான் அப்பவே காசு குடுத்தேனே" என்று ஒரு வாடிக்கையாளர் சொல்லும்போதும், "இல்லம்மா, குடுக்கலை" என்று கடைப்பையன் சொல்லும்போதும் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

எடை விஷயமும் அப்படியே. லைப்சிக் நகரத்து எர்ன்ஸ்ட் ஹைன்ரிச் வெபர் 1834-ல் எழுதி வைத்ததன் சாரம் இதுதான்: நம் கைக்குத் தெரிவது எடையின் வித்தியாசம் அல்ல, வித்தியாசத்தின் விகிதம். தூக்கிப் பார்க்கிற கைக்குச் சுமார் நாற்பதில் ஒரு பங்கு கூடினால்தான் கூடியது தெரிகிறது. 400 கிராம் பொட்டலத்தில் 10 கிராம். அதே 10 கிராமை ஐந்து கிலோ பையில் எடுத்தாலும் போட்டாலும் யாருக்கும் தெரியாது. விலையிலும் இந்தக் குணம் உண்டு. இருபது ரூபாய் சாமானில் இரண்டு ரூபாய் ஏற்றினால் வீதியே பேசும், அரிசி மூட்டையில் அதே இரண்டு ரூபாய் யாருக்கும் உறைக்காது. பெரிய கம்பெனிகள் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் விலையைத் தொடாமல் கிராமை மட்டும் குறைத்துக்கொண்டே வந்தது இந்த சூட்சுமத்தைத் தெரிந்துதான். கேள்வி கேட்கிற வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் நாம்.

நாக்கில் ஓடும் பட்டியல்

பட்டியல் சொல்லச் சொல்ல எடுத்து வைக்கிற பழக்கம் நம் மளிகைக் கடைகளில் இன்றும் உண்டு. எத்தனை சாமான் வரை ஒரு பையனால் எழுதாமல் பிடிக்க முடியும்? ஜார்ஜ் மில்லர் என்பவர் 1956-ல் ஏழு, அதில் இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். பின்னால் வந்தவர்கள் அதைக்கூட நாலு என்று குறைத்துவிட்டார்கள். அப்படியானால் பதினைந்து சாமானைக் கேட்டுவிட்டு ஒன்று விடாமல் எடுத்து வைக்கிற பழைய கடைப்பையன்களை எங்கே சேர்ப்பது?

இதற்கு விடை சதுரங்கத்தில் கிடைத்தது. 1973-ல் சேஸ், சைமன் என்ற இருவர், ஆட்டத்தின் நடுவில் உள்ள காய்களைச் சில விநாடி மட்டும் காட்டி, அப்படியே அடுக்கச் சொன்னார்கள். கைதேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலும் சரியாக அடுக்கினார், கற்றுக்குட்டி திணறினார். அடுத்து, எந்த ஆட்டத்திலும் வராதபடி காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினார்கள். இப்போது கைதேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் ஒன்றாகிவிட்டார்கள். (இந்த சைமன் 1978-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கிய அதே ஹெர்பர்ட் சைமன்.) தேர்ந்தவருக்குத் தலை பெரிதல்ல. நாலைந்து காயைச் சேர்த்து ஒரே உருப்படியாகப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இருக்கிறது.

நம் கடைப்பையனுக்கும் அதேதான். துவரம்பருப்பு, புளி, மிளகாய், மல்லி, வெந்தயம், பெருங்காயம் என்றால் அவனுக்கு ஆறு சாமான் அல்ல, ஒரு சாம்பார். வெல்லம், ஏலக்காய், முந்திரி, திராட்சை, பாசிப்பருப்பு என்றால் ஒரு பாயசம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாடிக்கையாளர் "கொசுவர்த்தி, ரெண்டு மெழுகுவர்த்தி, ஷாம்பு" என்று நுழைத்தால் அதுதான் விட்டுப்போகும். கவனித்துப் பாருங்கள், பட்டியலில் விடுபடுகிற சாமான் பெரும்பாலும் தனி ஆளாக நிற்கிற சாமான்தான்.

ஞாபகத்தைப் பழக்கினால் எங்கே வரை போகும் என்பதற்கு நம் ஊரில் அவதானிகள் சாட்சி. நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களை ஒரே சமயத்தில் கவனித்து சதாவதானம் செய்து காட்டினார். முதுகில் போடுகிற கல்லை எண்ணிக்கொண்டே வெண்பாவும் பாடுகிற கலை அது. அதைப் பெருமையோடு சொல்லலாம். ஆனால் அதற்கு எத்தனை வருடப் பயிற்சி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு மண்டியில் வேலை பார்க்கிறவரிடம் அந்த ஞாபகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கதை மாறுகிற விதம்

மறந்துபோவதால் மட்டும் தகராறு வருவதில்லை. மறந்தவர் "மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் சண்டை ஏது? மறந்த இடத்தை மனமே வேறு சரக்கு போட்டு நிரப்பிவிடுகிறது, நிரப்பியது நமக்குத் தெரிவதும் இல்லை. அங்கேதான் ஆபத்து.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து பார்ட்லெட் 1932-ல் எழுதிய புத்தகத்தில் இதை விளக்கினார். அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, நாட்கள் கழித்தும் மாதங்கள் கழித்தும் திரும்பச் சொல்லச் சொன்னார். கதை சுருங்கியது. அதோடு, புரியாத இடமெல்லாம் புரிகிற மாதிரி மாறியது. கதையில் இளைஞர்கள் நீர்நாய் போன்ற கடல் பிராணியை வேட்டையாடப் போகிறார்கள். திரும்பச் சொன்னவர்கள் வாயில் அது மீன் பிடிப்பு ஆனது. அந்த மக்களின் ஓடம், சாதாரணப் படகு ஆனது. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. தங்கள் ஊரில் எது வழக்கமோ அதுதான் நடந்திருக்கும் என்று மனம் முடிவு கட்டிவிட்டது.

பஜாரில் ஒரு வதந்தி மேலவீதியில் புறப்பட்டுக் கீழவீதி போய்ச் சேரும்போது என்ன ஆகிறது என்று நாம் பார்க்காததா? "துவரை வரத்து கொஞ்சம் கம்மி" என்று கிளம்பியது, சாயந்திரத்துக்குள் "துவரை மூட்டைக்கு ஐநூறு ஏறுதாம்" ஆகிவிடுகிறது.

கேட்கிற கேள்வியே ஞாபகத்தை மாற்றும் என்பதை 1974-ல் அமெரிக்காவில் எலிசபெத் லாப்டஸ், ஜான் பாமர் இருவரும் காட்டினார்கள். கார் விபத்துப் படத்தை எல்லோருக்கும் காட்டிவிட்டு, "இரண்டும் மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்று சிலரிடம் கேட்டார்கள். "உரசியபோது என்ன வேகம்?" என்கிற மாதிரி வேறு சிலரிடம் கேட்டார்கள். படம் ஒன்றே. ஆனால் நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாகச் சொன்னது மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல். மென்மையான சொல்லில் கேட்கப்பட்டவர்கள் சொன்னது 31.8 மைல். இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, "கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா?" என்றார்கள். நொறுங்கியது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். மோதியது என்று மட்டும் கேட்கப்பட்ட 50 பேரில் அப்படிச் சொன்னவர் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

இதைப் படித்தபோது நம் பஞ்சாயத்துக்கு வந்த ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. ஊர், பெயர் வேண்டாம். கிராமத்துக் கடைக்காரர் ஒருவர், தீபாவளிக்கு முந்தின நாள் பருப்பு மண்டியில் இருபதாயிரம் ரூபாய் பாக்கி கட்டினேன் என்றார். மண்டியின் ரொக்கப் பதிவேட்டில் வரவு இல்லை. "அண்ணாச்சி, என் கையால கணக்குப்பிள்ளைகிட்ட குடுத்தேன். மழை தூறிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு டீ கூட வாங்கிக் குடுத்தாரு" என்றார். கணக்குப்பிள்ளை முப்பது வருடமாகக் கல்லாவில் உட்காருகிறவர். குழந்தைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக நின்றார். முதலாளிக்குத் தர்மசங்கடம். ஒருவரை நம்பினால் மற்றவர் திருடர்.

நம்மிடம் வருவதற்கு முன்பே பஜாரில் பத்துப் பேர் கடைக்காரரிடம் விசாரித்திருந்தார்கள். எல்லோரும் கேட்டது, "கணக்குப்பிள்ளைகிட்ட எத்தனை மணிக்குக் குடுத்தே? எந்த நோட்டாக் குடுத்தே?" என்றுதான். ஒருவராவது "அன்னிக்குக் காலையில இருந்து எங்கெங்கே போனே?" என்று கேட்கவில்லை. கேள்விக்குள்ளேயே கணக்குப்பிள்ளை உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு தடவை பதில் சொல்லும்போதும் கடைக்காரர் மனத்தில் அவர் முகம் அழுத்தமாகிக்கொண்டே போனது.

அன்றைய தினத்தை முதலில் இருந்து சொல்லச் சொன்னோம். பஸ்ஸை விட்டு இறங்கியது, பட்டாசு வாங்கியது, எண்ணெய்க் கடைக்குப் போனது, மழைக்கு ஒதுங்கியது என்று வந்தார். பிறகு எண்ணெய்க் கடை ஏட்டைப் பார்க்கச் சொன்னோம். அங்கே அவர் பெயரில் இருபதாயிரம் வரவாகி இருந்தது. அவருக்கு அங்கேயும் பாக்கி உண்டு. அன்று தூறலுக்குப் பருப்பு மண்டிக் கணக்குப்பிள்ளையும் அந்தக் கடையில்தான் ஒதுங்கி நின்றிருக்கிறார். டீ வாங்கிக் கொடுத்ததும் உண்மை. மழையும் உண்மை, டீயும் உண்மை, பணமும் உண்மை, ஆளும் உண்மை. இடம் மட்டும் நாலு கடை தள்ளி. அந்தக் கடைக்காரர் கணக்குப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தவர்கள், அவர் பொய் சொல்ல வந்தவர் என்று இனி எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டார்கள்.

வாடிக்கையாளர் கொண்டுபோகிற ஞாபகம்

வாடிக்கையாளர் நம் கடையைப் பற்றி வைத்திருக்கிற ஞாபகமும் இப்படிச் சுருக்கி எடுத்ததுதான். டேனியல் கானெமன் என்ற பேராசிரியர் (2002-ல் நோபல் பரிசு பெற்றவர், 2024-ல் காலமானார்) தம் சகாக்களோடு 1993-ல் வெளியிட்ட சோதனை இது. ஒரு நிமிடம் குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை அதே ஒரு நிமிடமும், அதற்கு மேல் அரை நிமிடமும் வைக்கச் சொன்னார்கள். அந்தக் கடைசி அரை நிமிடத்தில் மட்டும் குளிரைக் கொஞ்சம் குறைத்தார்கள். மூன்றாம் தடவைக்கு எது வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே கேட்டார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம், இருந்தும் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. மனம் மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பதில்லை. உச்சத்தையும் கடைசியையும் வைத்து மதிப்புப் போடுகிறது.

நம் பெரியவர்களுக்கு நோபல் பரிசு யாரும் கொடுக்கவில்லை. ஆனால் கொசுறு என்று ஒன்றை வைத்தார்கள். அரை மணி நேரம் காக்க வைத்து, விலையில் இறங்காமல் நின்று, கடைசியில் பையைக் கட்டும்போது ஒரு கொத்துக் கறிவேப்பிலை, பிள்ளை கையில் ஒரு கடலை மிட்டாய். கொசுறை முதலிலேயே கொடுக்கிற கடைக்காரர் யாரும் உண்டா? பில் போடுகிற இயந்திரம் வந்த பிறகு இது குறைந்து வருகிறது. பெரிய அங்காடிகளில் நம் மக்களுக்குக் கடைசி ஞாபகம், வாசலில் பில்லைச் சரிபார்க்கிற காவலாளி. நமக்கு இது ஒரு வாய்ப்பு என்றே நினைக்கிறோம்.

தீர்ந்த பாக்கியும் தீராத பாக்கியும்

மறுபடி கணக்குக்கு வருவோம். பெர்லினில் படித்துக்கொண்டிருந்த புளூமா சைகார்னிக் என்ற பெண்மணி 1927-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார். காபிக் கடையில் பரிமாறுகிறவர் பணம் வராத மேஜையின் பட்டியலை அப்படியே சொல்கிறார், பணம் வந்துவிட்ட மேஜையைக் கேட்டால் விழிக்கிறார் என்ற கவனிப்பில் இருந்து இந்த ஆராய்ச்சி பிறந்ததாகச் சொல்வார்கள். அவர் பல சின்ன வேலைகளைக் கொடுத்து, பாதி வேலைகளை நடுவில் நிறுத்தினார். முடிக்காத வேலைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஞாபகத்தில் நின்றன. பின்னால் செய்தவர்களுக்கு எல்லாத் தடவையும் இந்தப் பலன் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கடையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இதனோடு ஒத்துப் போகிறது. வராத பாக்கி ராத்திரி தூக்கத்திலும் ஞாபகம் வரும். வந்துவிட்ட பாக்கி கல்லாவில் விழுந்த சத்தத்தோடு மனத்தை விட்டுப் போய்விடும். பணம் கொடுத்தவருக்கும் பாரம் இறங்கிவிட்டது. ஆகவே ரசீது மிகவும் அவசியப்படுகிற நேரம், இரண்டு பேருமே சந்தோஷமாக இருந்து, "ரசீது எதுக்கு, நமக்குள்ள" என்று சொல்கிற நேரம்தான்.

"அந்தக் காலத்தில் வாய்ச்சொல்லே போதும், எழுத்து எதற்கு" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். நாம் இதை ஒத்துக்கொள்வதில்லை. வாய்ச்சொல் போதும் என்றால் ஓலையில் கணக்கு எழுதியவர்கள் யார்? சிட்டை, குறிப்பேடு, பேரேடு என்று மூன்று ஏடு வைத்து, புதுக் கணக்குக்கு மஞ்சள் தடவிப் பூஜை போட்டவர்கள் யார்? தகராறுகள் மறந்துபோய் நல்லது மட்டும் நிற்பதும் ஞாபகம் செய்கிற வேலைதான்.

சட்டத்துக்கும் இது தெரியும். வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் உள்ள பதிவை மட்டும் வைத்து ஒருவர்மீது கடனைச் சுமத்த முடியாது என்று 1872-ம் வருடத்துச் சாட்சியச் சட்டத்தின் 34-வது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் இது அப்படியே இருக்கிறது. கடனைக் கேட்டு வழக்குப் போட 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டப்படி பொதுவாக மூன்று வருடம். அதற்குள் கடன்காரர் பாக்கியை ஒத்துக்கொண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியில் இருந்து புது மூன்று வருடம். நம் ஏட்டில் நாம் எழுதியதைவிட, எதிராளி போட்ட கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று இப்போது புரிந்திருக்கும். இரண்டு ஞாபகங்கள் ஒரே இடத்தில், ஒரே நாளில் சந்தித்துக்கொண்ட அடையாளம் அது.

கைபேசியில் பணம் அனுப்புகிற வசதி வந்தபின் தேதியும் தொகையும் தகராறு இல்லை. எந்தப் பில்லுக்கு என்பதில்தான் இப்போது தகராறு. அனுப்பும்போதே பில் எண்ணைக் குறிப்பில் போடச் சொல்லி எங்கள் மண்டியில் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறோம். பாதிப்பேர் போடுகிறார்கள்.

எங்கள் மண்டியில் சனிக்கிழமை சாயந்திரம் ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரம் சரக்கு எடுத்த ஒவ்வொரு கடைக்கும் போன் செய்து, பற்று இவ்வளவு, வரவு இவ்வளவு, நிற்பது இவ்வளவு என்று வாசித்துவிடுவோம். எதிர்முனையில் அவரும் எழுதிக்கொண்டு திரும்ப வாசிப்பார். ஒரு கடைக்கு இரண்டு நிமிடம். வித்தியாசம் இருந்தால் அன்றே தெரிந்துவிடும். லோடு இறக்கியவர்கள் இன்னும் ஊரில் இருப்பார்கள், லாரிக்காரரின் சிட்டை இன்னும் மேஜையில் கிடக்கும், தராசுக்காரருக்கும் அந்த மூட்டை கண்ணில் நிற்கும். நாற்பது கடைக்கு வாசித்து முடிக்க ஏழரை மணி ஆகிவிடுகிறது. போன சித்திரையில் இருந்து இந்த வேலையைச் சின்ன முதலாளி எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போதும் என்கிறார். பார்த்ததற்கு நீல அடையாளம் விழுகிறதே தவிர, திரும்ப வாசிக்கிற குரல் அதில் இல்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு இரண்டும் நடக்கிறது.